பன்னிரண்டு நாள் தட்டு

மூக்குக் குழாயைக் கன்னத்தோடு பிடித்து வைத்திருக்கும் பிளாஸ்டரைக் காலையில்தான் மாற்ற வேண்டும். பழையதை உரிக்கும்போது கண்டக்டர் கண்ணை மூடிக்கொள்வார். அவர் மனைவி ஒரே இழுப்பில் உரிப்பாள். மெதுவாக உரித்தால் வலி அதிகம் என்பது முதல் வாரமே தெரிந்துவிட்டது. பிறகு ஊசி இல்லாத பெரிய ஊசிக்குழலைக் குழாயில் செருகி, சத்துமாவு கரைத்த பாலை ஊற்றி, கையை உயர்த்திப் பிடித்தபடி நிற்பாள். பால் தானாக இறங்க வேண்டும். அழுத்தக் கூடாது. பத்து நிமிடம் ஆகும். வண்டிக்கு டீசல் போடுகிற மாதிரி இருக்கிறது என்று ஒருநாள் கண்டக்டர் சொன்னார். அதிலிருந்து வீட்டில் அதற்கு டீசல் என்றே பெயர்.

அவருக்கு டவுன் பஸ்ஸில் வேலை. இருபத்திரண்டு வருடம். முன்வாசலில் நிற்கிறவனுக்குப் பின்வாசலிலிருந்தே கேட்கும் குரல். சக ஊழியர்கள் அவரை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். நாக்கின் வலப்பக்கம் ஒரு புண் வந்து ஆறாமல் நின்றது. வெட்டி எடுத்தார்கள். அதற்குப் பிறகு முப்பது நாள் கதிர்வீச்சு. இப்போது அவர் பேசினால் சுடுசோற்றை வாயில் வைத்துக்கொண்டு பேசுவது போல இருக்கும். வீட்டில் இருக்கிறவர்களுக்குப் புரியும். மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

வீட்டில் மூன்று பேர். அவர், அவள், அவருடைய அக்கா. அக்காவுக்குக் கணவர் இல்லை, பிள்ளையும் இல்லை. தம்பிக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்த அன்று ஒரு பையோடு வந்தவர், இரண்டு பாத்திரங்களையும் கூடவே கொண்டுவந்திருந்தார். நாத்தனாருக்கு இந்த வீட்டுப் பாத்திரங்களில் நம்பிக்கை இல்லை.

ஒரு வியாழக்கிழமை டாக்டர் சொன்னார். மூக்கில் குழாயை இதற்கு மேல் வைத்திருக்க முடியாது, உள்ளே புண்ணாகும். தொண்டை நன்றாக வேலை செய்கிறது என்று விழுங்கப் பழக்கும் பெண் எழுதிக் கொடுத்திருக்கிறாள், ஆனால் ஆள் எதையும் விழுங்குவதில்லை. இரண்டு வாரம் தருகிறேன். அதற்குள் ஒரு வேளைக்கு ஒரு கப் வாய் வழியாக இறங்க வேண்டும், எடையும் குறையக் கூடாது. இல்லாவிட்டால் வயிற்றில் துளை போட்டு அங்கே குழாய் வைத்துவிடலாம். அது ஒன்றும் பெரிய ஆபரேஷன் இல்லை.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் கண்டக்டர் அவள் பக்கம் திரும்பினார். பிறகு தொப்புளுக்கு மேலே கையை வைத்துக் காட்டி, "பையை எங்க மாட்டறது?" என்று கேட்டார்.

அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. கண்டக்டரின் தோல்பை வயிற்றின் மேல்தான் கிடக்கும். காலை எட்டரை மணிக் கூட்டத்தில் நூறு பேர் அந்த வயிற்றை இடித்துக்கொண்டு போவார்கள். அங்கே குழாய் வைத்த ஆளை எவனும் வண்டியில் ஏற்ற மாட்டான். டிப்போவில் ஒரு மூலையில் உட்கார வைத்து ஃபைலுக்கு நூல் கட்டச் சொல்வார்கள். அதற்குச் செத்துப் போவதே மேல் என்று நினைக்கிற ஆள் அவர்.

நாத்தனார் அன்றைக்கே வேலையைத் தொடங்கினார். தம்பிக்குச் சின்ன வயதிலிருந்து எதெல்லாம் பிடிக்குமோ அதெல்லாம் வரிசையாக வந்தது. குழையக் குழைய வேகவைத்த சோறு, அரைத்து வடிகட்டிய குழம்பு, நெய்யில் மசித்த முட்டை. விழுங்கப் பழக்கும் பெண் ஒரு கணக்கு சொல்லியிருந்தாள். தண்ணீராகவும் இருக்கக் கூடாது, கட்டியாகவும் இருக்கக் கூடாது. ஸ்பூனைக் கவிழ்த்தால் ஒரு மூச்சு விடும் நேரம் ஒட்டிக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு மொத்தமாக விழ வேண்டும். நாத்தனார் ஒவ்வொன்றையும் ஸ்பூனில் எடுத்துக் கவிழ்த்துப் பார்த்துத்தான் கொண்டுவருவார். ஊட்டும்போது, "அமிர்தமா இருக்குடா தம்பி, ஒரே ஒரு வாய்" என்பார். கண்டக்டர் வாயில் வாங்குவார். கொஞ்ச நேரம் வைத்திருப்பார். கண்ணில் தண்ணீர் வரும். கிண்ணத்தில் துப்பிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை மழை. தகரக் கொட்டகை போட்ட பின்கட்டில் சத்தம் காதை அடைத்தது. குழம்பை மூன்றாம் முறை துப்பிய பிறகு நாத்தனார் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். அவள் கிண்ணத்தை எடுக்கக் குனிந்தாள். கண்டக்டர் அவள் கையைப் பிடித்தார்.

"குழம்பு துருப்பிடிச்ச ஆணி மாதிரி இருக்கு. சோறு ஈரக் காகிதம் மாதிரி. எல்லாம் தெரிஞ்ச ஆளுங்க. ஆனா பக்கத்துல வந்தா வேற யாரோ."

அவள் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டாள். கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்தாள். தெரிந்த எதைக் கொடுத்தாலும் அவர் பழைய ருசியைத் தேடுகிறார், அது இல்லை என்றதும் துப்புகிறார். அப்படியானால் அவருக்குத் தெரியாத ஒன்றைக் கொடுக்க வேண்டும். இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. இத்தனை நாள் ஏன் தோன்றவில்லை என்று தன்மேல் எரிச்சல்தான் வந்தது. ஏனென்றால் அவள் வேலை செய்யும் இடம் முழுக்கத் தெரியாத பழங்கள்தான்.

அது ஒரு பழக் கிடங்கு. கப்பலில் அனுப்பும் பழங்களைக் கழுவி, தரம் பிரித்து, அட்டைப்பெட்டியில் அடுக்கும் இடம். பழங்கள் எங்கிருந்தெல்லாமோ வந்தன. மங்குஸ்தான், ரம்புட்டான் மாதிரி வாயில் நுழைகிற பெயர்கள் சில. நுழையாத பெயர்கள் பல. அதனால் எல்லாவற்றுக்கும் எண்தான். ஏழு என்றால் மங்குஸ்தான். பதினெட்டு என்றால் மஞ்சளாக, அடியில் கூம்பி இருக்கும் ஒன்று. முப்பத்தொன்று இந்தப் பருவத்தில் புதிதாக வந்தது. ஆரஞ்சு அளவில், பளபளவென்று பச்சையாக, தலையில் கத்தரிக்காய்க்கு இருப்பது போல ஒரு தொப்பி வைத்திருக்கும்.

அவள் ஒன்பது வருடமாகத் தரம் பிரிக்கிறாள். ஓடும் பெல்ட்டின் இருபுறமும் பதினாறு பெண்கள் நிற்பார்கள். தலையில் வலைத்தொப்பி, கையில் உறை. பழம் கையில் ஒரு நொடிதான் இருக்கும். கெட்டியாக, தழும்பில்லாமல், பளபளப்பாக இருந்தால் முதல் தரம். கொஞ்சம் அமுங்கினாலும், ஒரு புள்ளி இருந்தாலும் கழிவுக் கூடை. அவள் கை அதில் தப்பே செய்ததில்லை. வாயில் வைக்கக் கூடாது என்பது கிடங்கின் சட்டம். அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும் யாரும் வைத்திருக்க மாட்டார்கள். நாள் முழுக்கக் கையில் புரள்கிற பொருள்மேல் ஆசை வராது.

திங்கட்கிழமை மேற்பார்வையாளரிடம் விஷயத்தைச் சொல்லி ஒரே ஒரு முப்பத்தொன்று கேட்டாள். பெட்டியைக் காட்டி எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவள் அன்று ஓடிய பழங்களிலேயே நல்லதாகப் பொறுக்கினாள். ஒரு கீறல் இல்லை. விரலால் சுண்டினால் டொக்கென்று சத்தம் வந்தது.

வீட்டில் அதைத் துருவ வேண்டியிருந்தது. துருவி, மிக்சியில் அரைத்து, ஸ்பூனைக் கவிழ்த்துப் பார்த்து, அவரிடம் கொண்டுபோனாள். புதுப் பழம் என்றாள். கப்பலில் போகிறது, இந்த ஊரில் யாரும் சாப்பிட்டதில்லை என்றாள். கண்டக்டருக்குக்கூடக் கொஞ்சம் ஆவல் வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஒரு ஸ்பூன்தான். அவர் முகம் கோணியது. கதிர்வீச்சில் வெந்து போயிருந்த வாய்க்குள் அந்தத் துவர்ப்பு சுண்ணாம்பு மாதிரி இறங்கிக் கவ்வியது. துப்பினார். துப்பியும் போகவில்லை. வாயைக் கொப்பளித்தார், மறுபடி கொப்பளித்தார். கடைசியில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நாத்தனார் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். வைத்தவுடன் முந்தானையால் நாக்கைத் துடைத்தார். "எங்கையால சமைச்சதத் துப்பினான், சரி. துப்பிட்டுச் சும்மா இருந்தான். நீ என்னம்மா, இருக்கிற வாயையும் பொசுக்கிட்டியே."

செவ்வாய், புதன் இரண்டு நாளும் அவர் வாய் திறக்கவில்லை. பேசவும் இல்லை. டீசல் மட்டும் நேரத்துக்கு இறங்கியது.

புதன்கிழமை மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அவள் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கத்தி வந்து உட்கார்ந்தாள். கத்தி என்பது கிடங்கில் மாதிரிப் பழங்களை வெட்டிச் சோதிக்கும் பெண். முப்பது வயது இருக்கும். புருஷனை விட்டுவிட்டு வந்தவள். அதைப் பற்றி யாராவது கேட்டால் கையிலிருக்கும் கத்தியைக் காட்டுவாள், அதனால்தான் அந்தப் பெயர். அவளுக்குத் தனி அறை. பெல்ட்டில் நிற்கிறவர்கள் அங்கே போவதில்லை.

ஏன் சாப்பிடவில்லை என்று கத்தி கேட்டாள். அவள் சொன்னாள். துருவியது, அரைத்தது, அவர் சுவரைப் பார்த்துப் படுத்தது எல்லாம். கத்தி முதலில் சிரித்துவிட்டாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"அக்கா, ஒன்பது வருஷமா பழம் பொறுக்கறீங்க. பழுத்தத ஒரு தடவையாவது பாத்திருக்கீங்களா?"

அவள் யோசித்தாள். கழிவுக் கூடையில் போட்ட பழங்கள்தான் நினைவுக்கு வந்தன.

"வாங்க" என்றாள் கத்தி.

அந்த அறையின் சுவரோரம் ஒரு அலமாரி. பன்னிரண்டு தட்டுகள். ஒவ்வொரு நாளும் அனுப்பும் சரக்கிலிருந்து எண்ணுக்கு இரண்டு பழம் எடுத்து மேல்தட்டில் வைப்பார்கள். மறுநாள் அது ஒரு தட்டு கீழே இறங்கும். கப்பல் போய்ச் சேரப் பன்னிரண்டு நாள். கடைசித் தட்டுக்கு வரும் பழம் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் அந்தப் பக்கம் பெட்டியைத் திறக்கும்போதும் இருக்கும். அதை வெட்டிப் பார்த்து எழுதிவிட்டுக் கத்தி குப்பையில் போடுவாள்.

மேல்தட்டில் இருந்த முப்பத்தொன்றை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. நேற்று அவள் கையிலேயே ஓடியதாக இருக்கும். தட்டுத் தட்டாகக் கீழே பார்த்துக்கொண்டே வந்தாள். பச்சை மங்கியது. சேறு பூசியது போல ஆயிற்று. கடைசித் தட்டில் இருந்த இரண்டும் கறுத்து, சுருங்கி, தொப்பி கழன்று, தொட்டால் விரல் உள்ளே போகும் நிலையில் கிடந்தன. பெல்ட்டில் வந்திருந்தால் பார்க்காமலே கூடைக்கு எறிந்திருப்பாள்.

"இது அழுகல்" என்றாள்.

"இதான் பழம். நீங்க பொறுக்கறதெல்லாம் காய்" என்றாள் கத்தி. "நம்ம நல்லதுங்கறது அங்க வாங்கறவனுக்குப் பன்னண்டு நாள் கழிச்சு நல்லது. இன்னைக்குத் தின்னா வாய் வெந்துதான் போகும்."

தின்றிருக்கிறாயா என்று அவள் கேட்டாள். தினமும் தின்கிறேன், இன்னும் சாகவில்லை என்றாள் கத்தி. இரண்டையும் சாப்பாட்டு டப்பாவில் பஞ்சு வைப்பது போல வைத்துக் கொடுத்தாள். குப்பைக்குப் போக வேண்டியதுதானே, யாரும் கேட்க மாட்டார்கள் என்றாள்.

சாயங்காலம் மழை விட்டிருந்தது. வீட்டில் டப்பாவைத் திறந்ததும் நாத்தனார் மூக்கைப் பொத்திக்கொண்டார். அதில் ஒரு நாற்றமும் இல்லை, பார்த்த பார்வைக்குப் பொத்தினார். முந்தாநாள் காய் கொடுத்தாய், இன்றைக்கு அழுகினதைக் கொண்டுவந்திருக்கிறாய், நடுவில் எதுவும் கிடைக்கவில்லையா என்று கேட்டார். இதை என் தம்பி வாயில் வைக்க விடமாட்டேன் என்று கட்டிலுக்கும் அவளுக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவள் வாதாடவில்லை. தரையில் உட்கார்ந்து பழத்தைக் கையாலேயே பிளந்தாள். தோல் ஈரத்துணி மாதிரி விலகியது. உள்ளே கறுப்பு. மண்ணெண்ணெய் விளக்கின் புகை படிந்த கறுப்பு இல்லை, எண்ணெய் மினுக்கோடு ஒரு கறுப்பு. தட்டையான நான்கு விதைகள். டீ வடிகட்டியில் போட்டு ஸ்பூனால் தேய்த்துக் கிண்ணத்தில் இறக்கினாள். ஸ்பூனைக் கவிழ்த்தாள். ஒரு மூச்சு நேரம் ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு மொத்தமாக விழுந்தது. பால் ஊற்றவில்லை, மாவு கலக்கவில்லை, எதுவும் செய்யவில்லை. அதுவாகவே அந்தப் பக்குவத்தில் இருந்தது.

நாத்தனார் அசையவில்லை. சரி, நானே முதலில் சாப்பிடுகிறேன் என்று அவள் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தாள்.

கண்டக்டர் திரும்பிப் படுத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடம் முகம் பார்த்த ஆள். சில்லறை வைத்துக்கொண்டே இல்லை என்பவன், டிக்கெட் வாங்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பவன், அழுதுவிட்டு வண்டி ஏறியவள், எல்லோரையும் முகத்திலேயே பிடித்துவிடுவார். இந்த நான்கு மாதமாக அவர் எதிரில் ஸ்பூனோடு வந்த எல்லா முகமும் பொய் சொல்லிற்று. எல்லோரும் வாயில் வைப்பதற்கு முன்பே ஆகா என்றார்கள். இப்போது இவள் முகத்தில் ஆகாவும் இல்லை, சீயும் இல்லை. புருவம் கொஞ்சம் நெருங்கியிருந்தது. தெரியாத நிறுத்தத்தில் இறங்கிவிட்ட ஆள் மாதிரி சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கு?" என்றார். இரண்டு நாளுக்குப் பிறகு வந்த முதல் பேச்சு.

"தெரியலைங்க."

"இனிப்பா?"

"இனிப்புன்னு சொல்ல முடியாது. இனிப்பு இல்லன்னும் சொல்ல முடியாது." இன்னொரு ஸ்பூன் எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தாள். "எதோட சேக்கறதுன்னே தெரியல."

கண்டக்டர் எழுந்து உட்கார்ந்தார். நாத்தனாரின் தோளைத் தொட்டு நாற்காலியை நகர்த்தச் சொன்னார். கிண்ணத்தை எட்டிப் பார்த்தார்.

"இது கிரீஸாச்சே. வண்டி அச்சுல போடறது."

"டீசல் குடிக்கறவருக்குக் கிரீஸ் ஆகாதா?" என்றாள் அவள்.

அவர் வாயைத் திறந்தார்.

உள்ளே போனது. தாடை மெல்ல அசைந்தது. விழுங்கப் பழக்கும் பெண் சொன்னபடி முகவாயை மார்போடு தாழ்த்தினார். தொண்டை ஏறி இறங்கியது. இருமல் வருகிறதா என்று இரண்டு பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரவில்லை.

"எப்படிடா இருக்கு?" என்றார் நாத்தனார்.

அவர் நாக்கில் மிச்சமிருந்த இடத்தை மேல் அண்ணத்தில் தேய்த்துப் பார்த்தார். "எனக்கும் தெரியல" என்றார். அதைச் சொன்னபோது முகத்தில் வருத்தம் இல்லை. அவளுக்கே தெரியாத ஒன்று தனக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். மறுபடி வாயைத் திறந்தார்.

அன்று நான்கு ஸ்பூன். வியாழன் ஏழு. கத்தி தினமும் கடைசித் தட்டை டப்பாவில் கொடுத்தனுப்பினாள். முப்பத்தொன்று மட்டும் இல்லை, மற்றதும் வந்தது. ஏழாம் எண்ணின் வெள்ளைச் சுளையைப் பிழிந்து கொடுத்ததில் புளிப்பு சுருக்கென்று தைத்தது, வேண்டாம் என்றார். பதினெட்டைப் பிளந்தால் வேகவைத்த மஞ்சள்கரு மாதிரி மாவாக இருந்தது. எச்சில் ஊறாத வாயில் அது சுவரில் பூசிய மாதிரி அப்பிக்கொண்டது. நாத்தனார்தான் பாலில் கரைத்துப் பதமாக்கினார். அது இறங்கியது. இன்னொன்று, முள்முள்ளாக, வெடித்துப்போய் வந்தது. அதை வீட்டுக்குள் கொண்டுவந்த ஐந்தாவது நிமிடம் எதிர்வீட்டுக்காரர் கேஸ் கசிகிறதா என்று கேட்டுக் கதவைத் தட்டினார். நாத்தனார் அதைத் தெருமுனைக் குப்பைத்தொட்டிவரை கையை நீட்டியபடியே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார்.

கண்டக்டர் ஒவ்வொன்றுக்கும் தீர்ப்புச் சொன்னார். மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து எதன் மாதிரி இருக்கிறது என்று சண்டை போட்டார்கள். நாத்தனார் முப்பத்தொன்று வெறும் சப்பென்று இருக்கிறது என்றார். அவளுக்கு மழை பெய்து முடிந்த மண் மாதிரி ஏதோ ஒன்று வந்தது. கண்டக்டருக்கு என்ன வந்தது என்று அவர் சொல்லவில்லை. ஆனால் முழுக் கப்பும் காலியானது.

ஞாயிற்றுக்கிழமை வடிகட்டியைக் கழுவிக்கொண்டே நாத்தனார் முதுகைக் காட்டியபடி பேசினார். தான் கொண்டுவந்த இரண்டு பாத்திரங்களும் ஒரு வாரமாக அடுப்பில் ஏறவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. மற்ற எல்லாவற்றையும் சொன்னார். அம்மா போன பிறகு இவனுக்கு ஆக்கிப் போட்டது, கல்யாணம் ஆகும்வரை இவன் வெளியே ஒரு வாய் சாப்பிட்டதில்லை என்பது. "கடைசில குப்பைக்குப் போறதுதான் இவனுக்கு இறங்குது" என்று முடித்தார்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கட்டிலிலிருந்து கண்டக்டர் பேசினார். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக வைத்தார், அக்காவுக்கு ஒன்றும் விட்டுப்போகக் கூடாது என்பது போல.

"உன் சோறு எனக்கு நல்லா ஞாபகம் இருக்குக்கா. அதான் கஷ்டம். கொஞ்சம் மறக்கட்டும். அப்புறம் போடு."

நாத்தனார் குழாயை மூடவில்லை. தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த வியாழக்கிழமை மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எடை பார்க்கும் இடத்தில் கண்டக்டர் செருப்பைக் கழற்ற மறுத்தார். நர்ஸ் கழற்ற வைத்தாள். அப்படியும் முந்நூறு கிராம் கூடியிருந்தது. விழுங்கப் பழக்கும் பெண் ஒரு கப் கெட்டிப் பாலைக் கொடுத்துக் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள். அவர் சொன்னது அவளுக்குப் புரியவில்லை. மனைவி எடுத்துச் சொன்னாள். அந்தப் பெண் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. பெயர் என்ன என்றாள். எங்களுக்கும் தெரியாது, எண்தான் தெரியும் என்றார் நாத்தனார், ஏதோ தானே பெல்ட்டில் நிற்பது போல.

டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். துளை இப்போதைக்கு வேண்டாம், வாரா வாரம் எடை பார்ப்போம் என்றார். மூக்குக் குழாயை அங்கேயே எடுத்துவிடச் சொன்னார். நர்ஸ் பிளாஸ்டரை மெதுவாக உரிக்கத் தொடங்கினாள். "வேகமா உரிங்கம்மா" என்றாள் அவள். குழாய் நீளமாக வந்துகொண்டே இருந்தது. இவ்வளவு நீளம் உள்ளே கிடந்ததா என்று நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டார். கண்டக்டர் தும்மினார். ஒருமுறை, இரண்டுமுறை, ஐந்துமுறை. கன்னத்தில் பிளாஸ்டர் இருந்த இடம் மட்டும் வெளுத்துச் சதுரமாகத் தெரிந்தது.

பஸ் நிறுத்தத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. பத்து நாள் மழைக்குப் பிறகு வந்த வெயில். ரோட்டிலிருந்து ஆவி கிளம்பியது. கண்டக்டர் நிழலுக்குப் போகாமல் நின்றுகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து ஏதோ சொன்னார். லாரிச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை.

"என்னங்க?"

"பசிக்குதுன்னேன்."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பழக்கம். பன்னிரண்டு கூட ஆகவில்லை. இத்தனை மாதமாகக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் அவருக்கு ஊற்றினாள். அவருக்குப் பசி வருவதற்குள் அடுத்த வேளை வந்துவிடும். நேற்றுவரை ஒரு கடமை போலத்தான் விழுங்கினார். இதற்கு அவள் தயாராக வரவில்லை. பையைத் திறந்து துழாவினாள். ரிப்போர்ட், துண்டு, குடை, மாத்திரைச் சீட்டு.

"ஒண்ணும் எடுத்துட்டு வரலைங்களே" என்றாள்.

நாத்தனாருக்குக் கோபம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வருகிறவள் ஒரு டப்பாவில் ஏதாவது போட்டுக்கொண்டு வரக் கூடாதா, இது கூடத் தெரியாதா என்று ரோட்டில் நின்றே கேட்டார். அவள் திட்டு வாங்கிக்கொண்டு பையின் அடிவரை இன்னொரு முறை தேடினாள். அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் தேடினாள்.

"வீட்டுக்குப் போக எவ்வளவு நேரமாகும்?" என்றார் கண்டக்டர். அந்த வழித்தடத்தின் ஒவ்வொரு நிறுத்தமும் மனப்பாடமான ஆள்.

"முக்கால் மணி நேரம்."

"அவ்வளவு நேரமா?"

"ஆமா. பொறுத்துக்கோங்க."

அவர் முகத்தைச் சுளித்தார். இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, வண்டி வருகிறதா என்று ரோட்டையே பார்த்தபடி நின்றார்.